ஆர்லீனின் முறை

துளை உளியைக் கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூக்கின் மேல் நிறுத்தி, தைமி ரவுத்தியோ சுத்தியலால் ஒரே போடு போடுகிறாள். மூக்கு மட்டும் வட்டமாகக் கழன்று மேசையில் விழுகிறது. அடுத்தது கன்னம். அதற்கடுத்து மான் கொம்பு, பனிமனிதனின் தொப்பி, 'சமாதானம் உண்டாவதாக' என்பதில் ஒரு துண்டு. இருபத்தைந்து வட்டம் தேறியதும், சல்லடையாகிப்போன அந்த வாழ்த்து அட்டையை ஒருமுறை தூக்கிப் பார்க்கிறாள். "நல்ல மனுஷன்தான். என்ன பண்றது, அட்டை கனம் அவ்வளவு பொருத்தமா இருக்கே" என்று சொல்லிவிட்டு அதை விறகடுப்புக்குள் போடுகிறாள்.

வடக்கே ஏரிக்கரைக் காட்டோரம், கோஸ்கி முக்கில் இருக்கும் நாற்பத்துச் சொச்சம் வீடுகளிலும், கிறிஸ்துமஸ் பண்டிகை முடிந்ததும் வாழ்த்து அட்டைகளைத் தூக்கி எறிய மாட்டார்கள். ரப்பர் வளையம் போட்டு, பள்ளிக்கூடப் பேருந்தில் வரும் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்புவார்கள். பேருந்தை ஓட்டுகிறவள் தைமி. அறுபத்தேழு வயதாகியும் இன்னும் ஓட்டுகிறாள். "டீச்சருக்கு ஆப்பிள், எனக்கு அட்டை" என்பாள். அக்டோபரில் அவள் காட்டுக்கோழி சுட்டுவிட்டு வந்த தடத்தில் நடந்தால் சருகுகளுக்கிடையே தேவதையின் முழங்கையோ மெழுகுவர்த்திச் சுடரோ ஒரு வட்டம் கிடக்கும். யாருடைய வீட்டு அட்டை என்றுகூடச் சிலர் அடையாளம் சொல்லிவிடுவார்கள்.

அவள் வைத்திருப்பது நாலுபத்து. சுண்டுவிரல் நுழையும் அளவே வாயுள்ள ஒல்லித் துப்பாக்கி. ஒரு சமயத்தில் ஒரு தோட்டாதான் போடலாம். நடுவில் மடித்துத் திறந்து, போட்டு, மூட வேண்டும். இந்த நாலுபத்துத் தோட்டாவைப் போல ஊரை ஏமாற்றும் சரக்கு வேறு கிடையாது. பெரிய துப்பாக்கியின் தோட்டாவில் இருப்பதில் பாதி ஈய ரவைகூட இதற்குள் இருக்காது. விலை மட்டும் இரண்டு மடங்கு. பெருந்தொற்றுக் காலத்தில் அதுவும் கடைகளிலிருந்து காணாமல் போனது. ஊரில் நாலுபத்து வைத்திருந்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, தைமி மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "கடைத் தோட்டா வாங்கற அளவுக்கு நான் என்னைக்குடா பணக்காரியா இருந்தேன்?" என்றாள்.

அவளுடைய பட்டறை சமையலறை மேசைதான். ஒரு மரச் சுத்தி, ஒரு குச்சி, ஒரு இரும்பு வளையம், இருபத்தைந்து குழி தோண்டிய ஒரு மேப்பிள் பலகை. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டைத் துடைத்து, பின்னாலிருக்கும், பொறி கிளப்பும் பழைய 'கேப்' மூடியைத் தட்டி எடுத்துப் புதியதை அழுத்துவாள். கூடுகளைப் பலகைக் குழிகளில் வாய் மேலே பார்க்க நிறுத்துவாள். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி வெடிமருந்து. மருந்து டப்பாவோடு வந்த சிறு புத்தகத்தில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதுதான், ஒரு துணுக்குக்கூட ஏறாது, இறங்காது. "மத்ததுல எல்லாம் கஞ்சத்தனம் பண்ணலாம், மருந்துல பண்ணினா மூஞ்சி போயிடும்" என்பாள். பிறகு கைவிளக்கை அடித்துப் பலகை முழுவதையும் குனிந்து பார்ப்பாள். இருபத்தைந்து குழியிலும் மருந்து ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். அதன் பிறகுதான் மருந்தை அடைக்கும் தக்கை, ரவை, மேலே வாழ்த்து அட்டை வட்டம்.

அட்டையின் ஓரத்தை ஒட்டுவதற்கு நகப்பூச்சு. தைமியின் நகத்தில் எண்ணெயும் கரியும் தவிர வேறெதுவும் ஏறியதில்லை. ஆனாலும் வெஸ்லி ஹௌத்தலாவின் கடையில் வருஷத்துக்கு மூன்று புட்டி சிவப்பு நகப்பூச்சு அவள்தான் வாங்குகிறாள். வெஸ்லி அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். இருந்ததில் மலிவானதை அவள் தேடி எடுக்கும்போதெல்லாம் கல்லாவிலிருந்து எட்டிப் பார்ப்பான்.

"யாரு கண்ணுல படப்போறே தைமி, இத்தனை சிவப்பு?"

"காட்டுக்கோழி கண்ணுல."

"கோழி பாத்துச் சொக்கிப் போயிடுமோ?"

"உன்னை மாதிரி இல்லடா, அதுக்குக் கண்ணு நல்லாவே தெரியும்."

ஒட்டியது போக, கூட்டின் வயிற்றில் அதே பூச்சால் ஒரு கோடு. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் ஒரு கோடு கூடும். ஆறு கோடு ஏறிய கூடு வாய் கிழிந்து போகும். அதையும் எறிவதில்லை. வெட்டி, தக்காளிச் செடிக்குக் கட்டும் கயிற்றின் முனையில் குப்பிபோல் மாட்டியிருக்கிறாள். எதற்கென்று கேட்டால், "கயிறு பிரியாது" என்பாள். சும்மா சொல்லக்கூடாது, பிரியவும் இல்லை.

இதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதது ஒன்று இருந்தது. ஒரு நாள் வெஸ்லி அவளோடு காட்டுக்குள் போய்வந்த பிறகுதான் அது வெளியே வந்தது.

மரம் ஏற்றும் லாரி போய்ப்போய் உண்டான தடம். இரு பக்கமும் மஞ்சள் இலை. ஒரு காட்டுக்கோழி புதரிலிருந்து திடுமென எழும்பியது, தைமி சுட்டாள், விழுந்தது. பத்து நிமிஷத்தில் இரண்டாவது கோழி எழும்பியது. வெஸ்லி சொல்வதுபடி, தபால் கொடுக்க வந்ததைப் போல நேராக முன்னால் வந்தது. தைமி துப்பாக்கியைத் தூக்கவில்லை. அது போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது எழும்பியபோது சுட்டாள். நான்காவதை விட்டாள்.

"என்ன தைமி, ஒண்ணு விட்டு ஒண்ணு விரதமா?"

"அது ஆர்லீன் முறை" என்று சொல்லிவிட்டு நடந்தாள், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிறவளின் குரலில்.

ஆர்லீன் தைமியின் தங்கை. மூன்று வயது இளையவள். சின்ன வயதில் இருவருக்கும் சேர்த்து வீட்டில் இருந்தது இந்த ஒரு நாலுபத்துதான். அப்போதே முறை போட்டுக்கொண்டார்கள். துப்பாக்கி உள்ளவள் தடத்தில் நடப்பாள். இல்லாதவள் அவளுக்கு இடது பக்கம் புதருக்குள் இறங்கி, கோழியைக் கிளப்பிக்கொண்டே கூட வருவாள். ஒரு முறை சுட்டால், பட்டாலும் படாவிட்டாலும், துப்பாக்கி கைமாறும். மடித்துத் திறந்து, கூட்டை உருவி, கட்டைப் பக்கம் முன்னால் வர இடது பக்கம் நீட்ட வேண்டும். மூடிய துப்பாக்கியை நீட்டுவது அந்த வீட்டில் சர்ச்சில் கெட்ட வார்த்தை பேசுவதைவிடப் பெரிய குற்றம்.

சண்டை வந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான். தைமிக்குப் பதினொரு வயதிருக்கும்போது ஒரு தோட்டா ஈரத்தில் நனைந்து, விசையை இழுத்ததும் 'பொத்' என்று சத்தம் மட்டும் வந்தது. கோழி போய்விட்டது. "இது சுட்டதாகாது, இன்னொண்ணு சுடுவேன்" என்றாள் தைமி. "விசையை இழுத்தியா இல்லியா? இழுத்தா முறை முடிஞ்சிச்சு, குடு" என்றாள் எட்டு வயது ஆர்லீன். தைமி கொடுக்கவில்லை. ஆர்லீன் தடத்தின் நடுவில் சப்பணம் கட்டி உட்கார்ந்துவிட்டாள். இருட்டும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அந்த வழக்கு ஐம்பத்தைந்து வருஷமாகத் தீரவில்லை. இருவருக்கும் கல்யாணமாகி, தைமிக்கு அது முறிந்து, ஆர்லீனுக்குப் பேரன் பிறந்த பிறகும், தொலைபேசியில் எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது ஒருத்தி "பொத்துன்னு போனதெல்லாம் கணக்குல வராது" என்பாள். மற்றவள் "இழுத்தியா இல்லியா?" என்பாள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஆர்லீனின் புருஷனுக்கு நுரையீரல் கெட்டது. இந்தக் குளிர் ஆகாது என்று டாக்டர் சொல்ல, அரிசோனாவுக்குக் குடிபோனார்கள். முதலில் சில வருஷம் அக்டோபர் தவறாமல் வந்தாள். கடைசிப் பதினொரு வருஷமாக வரவில்லை. புருஷனைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது, பிறகு புருஷன் போனான், பிறகு முழங்கால், பிறகு ஏதோ ஒன்று. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், கள்ளிச்செடிக்கு விளக்கு மாலை போட்ட ஓர் அட்டை வரும். அதில் ஆர்லீனின் நீண்ட வால் வைத்த கையெழுத்தில் ஒரே வரி. 'வர்ற அக்டோபர்ல கண்டிப்பா வரேன்க்கா.'

அந்தப் பதினொரு அட்டைகளின்மேல் மட்டும் தைமி உளி வைத்ததில்லை. ஏலக்காய் டப்பாவுக்குள் வைத்திருக்கிறாள். ஊர் அட்டையெல்லாம் தீர்ந்துபோய், தானிய டப்பா அட்டையை வெட்டிக்கொண்டிருந்த வருஷத்தில்கூட அவற்றைத் தொடவில்லை.

நீ அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று வெஸ்லி கேட்டிருக்கிறான். ஒருமுறை போயும் இருக்கிறாள். ஆர்லீன் வீட்டு முற்றத்தில் புல்லுக்குப் பதில் கூழாங்கல் கொட்டியிருந்தது. இரண்டு பேரும் சோபாவில் எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். நாலு நாளும் மருந்து, மாத்திரை, பேரன், வெயில். ஐம்பது வருஷம் பேசித் தீராத இரண்டு பேருக்கு, உட்கார்ந்தால் பேச்சு வரவில்லை. "எங்களுக்கு நடந்தாத்தான் வாய் வரும். நடுவுல ஒரு துப்பாக்கி வேணும்" என்றாள் தைமி. விமானத்தில் திரும்பி வரும்போது மூன்று மணி நேரம் அழுதுகொண்டே வந்ததாகவும், பக்கத்தில் இருந்தவன் தன் வேர்க்கடலைப் பொட்டலத்தையும் அவளுக்கே கொடுத்துவிட்டதாகவும் வெஸ்லியிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அவன் அந்தக் கேள்வியை எடுக்கவில்லை.

இந்த வருஷம் கதை வேறு. ஆகஸ்டில் ஆர்லீன் டிக்கெட் எடுத்துவிட்டாள். அக்டோபர் ஒன்று, வெள்ளிக்கிழமை மாலை வந்து இறங்குகிறாள். சனிக்கிழமை காலை காடு, மாலை சவுனா நீராவிக் குளியல், ஞாயிற்றுக்கிழமை மறுபடி காடு. தைமி கால் தரையில் படாமல் திரிந்தாள். தங்கையின் அளவுக்கு ரப்பர் பூட்ஸும் ஆரஞ்சு மேலங்கியும் வாங்கி வாசல் ஆணியில் மாட்டினாள். பேருந்தில் ஏறுகிற ஒவ்வொரு பிள்ளையிடமும், "என் தங்கச்சி வர்றா, தெரியுமா?" என்றாள். மூன்றாவது நாளிலிருந்து பிள்ளைகளே, "இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்டுக்கொண்டு ஏறின.

வியாழக்கிழமை பிற்பகல், பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்த கையோடு, அடுப்பில் ஏலக்காய் ரொட்டியை வைத்துவிட்டு மேசையில் பலகையை எடுத்துப்போட்டாள். இருபத்தைந்து கூடு. பாதிக் குழிகளுக்கு மருந்து போட்டிருப்பாள். தொலைபேசி அடித்தது.

"அக்கா, உக்காந்திருக்கியா?"

"தோட்டா போட்டுக்கிட்டிருக்கேன், உனக்கும் சேத்துதான். சீக்கிரம் சொல்லு, மருந்து டப்பா திறந்து கிடக்கு."

"நான் வரலைக்கா."

தைமி சிரித்தாள். "இந்த விளையாட்டெல்லாம் வேணாம். நாளைக்கு எத்தனை மணிக்கு வண்டியோட நிக்கணும், அதைச் சொல்லு."

"விளையாட்டு இல்லக்கா. கண்ணு. ரெண்டு வருஷமா இப்படித்தான் இருக்கு. ஓரத்துல இருக்கிறதெல்லாம் தெரியுது. நேராப் பாத்தா நடுவுல ஒரு அழுக்குத் துணியைத் தொங்கவிட்ட மாதிரி இருக்கு. உன்னைப் பாத்தாக்கூட உன் காது ரெண்டும்தான் எனக்குத் தெரியும்."

"காது போதும், வா. இருக்கிறதுலயே எனக்கு அதுதான் அழகு."

ஆர்லீன் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே வேறெங்கோ போய்விட்டது. "நிஜமாவே வரத்தான் இருந்தேன். பெட்டிகூடக் கட்டிட்டேன். டிக்கெட்டைக் கையில வச்சுப் பாத்தா ஒரு எழுத்தும் நிக்கலை. ரெண்டு பிளேன் மாறணும், எந்தக் கதவுன்னு யாரைக் கேப்பேன்? எனக்குப் பயமா இருக்குக்கா."

"நான் வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரேன். நாளைக்கே கெளம்பறேன்."

"வந்து? அங்க எதைப் பாக்கப்போறேன் நான்? இலையெல்லாம் மஞ்சளா இருக்குன்னு நீ சொல்லுவே. நானும் ஆமா ஆமான்னு தலையாட்டுவேன். அந்தக் காடு எனக்கு இப்பவும் முழுசா இருக்கு. அங்க வந்து அதையும் துணி போட்டு மூடிக்கவா?"

தைமி மேசைமேல் கிடந்த கரண்டியைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

"இன்னொண்ணு. வெஸ்லி சொன்னான். என் முறை வந்தா நீ கோழியை விட்டுடுறியாமே. பதினொரு வருஷமாவா? பைத்தியமா உனக்கு?"

"அவன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தரணும்."

"போதும்க்கா. என் முறையை உனக்குக் குடுத்துட்டேன். இனிமே ரெண்டையும் நீயே சுட்டுக்க."

"அதெல்லாம் அப்படிக் குடுக்க முடியாது."

"ஏன் முடியாது? என்னோடதுதானே, நான் குடுக்கறேன். வாங்கிக்க."

"ரொட்டி கருகுது, வைக்கறேன்" என்று சொல்லித் தைமி போனை வைத்தாள். ரொட்டி கருகவில்லை. அடுப்பில் வைத்துப் பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தது.

அடுப்புக் கதவை ஒருமுறை திறந்து மூடினாள். பிறகு கோபம் வந்தது. கண்மேல் வந்த கோபம், இரண்டு வருஷம் வாயைத் திறக்காத தங்கைமேல் வந்த கோபம், வெஸ்லிமேல், டாக்டர்கள்மேல், அரிசோனாமேல். மேசைக்குத் திரும்பி, விட்ட இடம் இதுதான் என்று கைக்குத் தோன்றிய குழியிலிருந்து மருந்து போட ஆரம்பித்தாள். கைவிளக்கு எடுக்கவில்லை. தக்கையை அழுத்தும் குச்சியில் பென்சில் கோடு ஒன்று உண்டு. உள்ளே மருந்து இல்லாவிட்டால் குச்சி அதிகமாக இறங்கி அந்தக் கோடு மறைந்துவிடும். அந்தக் கோட்டையும் அன்றைக்குப் பார்க்கவில்லை. முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் அப்படிச் செய்ததில்லை.

மேலே மூட அட்டை வேண்டியிருந்தது. ஏலக்காய் டப்பாவைத் திறந்தாள். பதினொரு அட்டைகளையும் எடுத்து வரிசையாகப் பரப்பினாள். அச்சடித்த பக்கத்தைத் திருப்பிப் போட்டு, கையெழுத்தின் மேலேயே உளியை வைத்தாள். "கண்டிப்பா வரேன்க்கா. கண்டிப்பா வரேன்க்கா" என்று சொல்லிச் சொல்லி இருபத்தைந்து போடு போட்டாள். ஒட்டி, கோடு இழுத்து முடித்தபோது ரொட்டி நிஜமாகவே கருகியிருந்தது.

வெள்ளிக்கிழமை பேருந்தில் ஏறிய பிள்ளைகள், "இன்னைக்குத்தானே?" என்றன. "பின்னாடி போய் உக்காருங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை வெஸ்லி கடையில் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு நின்றான். அவனுக்கும் செய்தி தெரியும். செய்த காரியம் உறுத்தியதாலோ என்னவோ, இறைச்சி அடைத்த இரண்டு பாஸ்டி ரொட்டியைத் தாளில் சுற்றி அவள் பக்கம் தள்ளினான்.

"நான் கூட வரட்டுமா தைமி?"

"வாயை மூடிக்கிட்டு நடக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப கடையைப் பாரு." வாசல்வரை போய்த் திரும்பினாள். "இன்னைக்கு ரெண்டு கோழி. ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவ குடுத்தது. சாயங்காலம் ரெண்டையும் வெண்ணெயில வறுத்துத் தின்னப்போறேன். அவகிட்டப் போன் போட்டுச் சொல்லு, உனக்குத்தான் அந்த வேலை நல்லா வருமே."

வெஸ்லி துடைத்த கல்லாவையே மறுபடி துடைத்தான். 

முந்தின இரவு உறைபனி விழுந்திருந்தது. பாப்லர் இலைகள் காற்றே இல்லாமல் தாமாக உதிர்ந்துகொண்டிருந்தன. பெரிய ஏரிப் பக்கமிருந்து குளிர் வந்தது. தைமி தடத்தில் நடந்தாள். நடக்கும்போது இடது பக்கம் ஓர் ஆள் இறங்கி நடக்க இடம் விட்டு நடப்பதே அவள் வழக்கம். அன்றைக்கு வேண்டுமென்றே இடது ஓரமாக நடந்தாள். கொஞ்ச தூரத்தில் அவளை அறியாமலே கால் பழையபடி வலது பக்கம் ஒதுங்கிவிட்டது.

ஆல்டர் புதர் முடியும் இடத்தில் முதல் கோழி எழும்பியது. நல்ல தூரம், நல்ல வெளிச்சம். துப்பாக்கி தோளுக்கு வந்தது, விசையை இழுத்தாள்.

'பொத்.'

கோழி சிறகடித்துக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டது. தைமி அசையாமல் நின்றாள். அந்தச் சத்தத்தை அவள் காது பதினொரு வயதில் கேட்டது. தான் நிரப்பிய தோட்டாவில் ஒரு நாளும் கேட்டதில்லை. கொஞ்சம் பொறுத்து, குழலைத் தரையைப் பார்க்கச் சாய்த்தாள். ரவைகள் பொலபொலவென்று சருகின்மேல் உதிர்ந்தன. மடித்துத் திறந்து கூட்டை எடுத்துவிட்டு, ஆகாயத்துக்கு நேராகப் பிடித்துக் குழலுக்குள் பார்த்தாள். இருட்டாக இருந்தது. தக்கை நடுவில் சிக்கிக்கொண்டிருந்தது. இதைப் பார்க்காமல் அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும். நேரான மேப்பிள் கிளை ஒன்றை ஒடித்து, சீவி, பொறுமையாகத் தக்கையைத் தள்ளி எடுத்தாள். "மருந்து போடாமலே மூடியிருக்கேன். கிழட்டுக் கழுதை" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பூட்ஸுக்குப் பக்கத்தில், உதிர்ந்த ரவைகளுக்கு நடுவே அட்டை வட்டம் கிடந்தது. குனிந்து எடுத்தாள். சொல் எதுவும் அதில் முழுதாக இல்லை. ஓர் எழுத்தின் நீண்ட வால் மட்டும் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போனது. அதைக் கட்டைவிரலால் தடவினாள். மேலங்கியின் உள்பைக்குள் வைத்து, பொத்தானைப் போட்டாள்.

பையின் அடியில் கிடந்த போன வருஷத்துத் தோட்டா ஒன்றைப் போட்டு மூடிக்கொண்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் வாய் தானாகப் பேச ஆரம்பித்தது. "பொத்துன்னு போனது கணக்குல வராது. இப்ப வர்றது என் முறைதான். அப்படியே இல்லேன்னாலும் நீதான் குடுத்துட்டியே. எப்படிப் பாத்தாலும் என்னோடதுதான்." யாரும் மறுக்கவில்லை. இடது பக்கத்துப் புதரில் ஒரு கிளைகூட முறியவில்லை. ஐம்பத்தைந்து வருஷ வழக்கில் அவள் பக்கம் தீர்ப்பாகியும் ஜெயித்த மாதிரி இல்லை. எதிர்த்துப் பேச ஓர் ஆள் வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஏக்கம் வந்தது. தங்கை வந்து தடத்தின் நடுவில் சப்பணம் கட்டி உட்கார மாட்டாளா, இருட்டும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்க மாட்டாளா என்று இருந்தது.

வளைவு திரும்பியதும் இரண்டாவது கோழி நின்றது. பறக்கக்கூட இல்லை. விழுந்து கிடந்த மரத்தின்மேல், வெயில் படும் இடத்தில், கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. இருபது எட்டு தூரம் இருக்கும். சின்னப் பிள்ளை சுட்டாலும் படும்.

தைமி துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவந்தாள். விரல் விசையைத் தொட்டது. கோழி தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது.

"சரிடி" என்றாள் மெதுவாக. "இழுத்தேன். இழுத்துட்டேன். நீ சொன்னதுதான் சரி."

துப்பாக்கியை இறக்கினாள். மடித்துத் திறந்தாள். தோட்டாவை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். கட்டைப் பக்கத்தை முன்னால் திருப்பி, இடது பக்கம், யாருமில்லாத அந்தப் புதரை நோக்கிக் கையை நீட்டினாள். "இந்தா, பிடி" என்றாள். கோழி மரத்திலிருந்து இறங்கிச் சருகுக்குள் நடந்து போயிற்று. அது கண்ணுக்கு மறைந்த பிறகும், தைமி கையைக் கீழே இறக்காமல் நீட்டியபடியே நின்றாள்.